கிராம சபையில் நம் இடம்



ஆகஸ்ட் 15 நமக்கு இரட்டை விழா. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவையும் நாட்டின் விடுதலைத் திருநாளையும் ஒரே நாளில் கொண்டாடுகிறோம். திருப்பலி, கொடியேற்றம், இனிப்பு, வீட்டில் விருந்து என்று நாள் நிறைந்துவிடுகிறது. அதே நாளில் நம் ஊரில் மூன்றாவதாக ஒன்றும் நடைபெறுகிறது. அதுதான் கிராம சபைக் கூட்டம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது நெடுநாள் வழக்கம். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. இவற்றில் மே 1 தொழிலாளரான புனித யோசேப்பின் நினைவு நாள். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய நினைவு இது. நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. ஆறு கூட்டங்களில் மூன்று நம் திருவழிபாட்டு நாள்காட்டியோடு ஒட்டி வருகின்றன. அதனால் அந்த நாளில் பங்கு மக்களில் பெரும்பாலோர் ஊரில்தான் இருக்கிறார்கள். எனினும் அவர்களில் எத்தனை பேர் கூட்டத்துக்குப் போகிறார்கள்?

குடிநீர், சாலை, மதுக்கடை, நிலம், சாதி என்று ஊரைப் பாதிக்கும் பொதுப் பிரச்சினைகளைப் பற்றி நாம் பேசாமல் இல்லை. தேநீர்க் கடையில் பேசுகிறோம், திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நின்று பேசுகிறோம். பேச்சு பதிவாகும் இடத்தில்தான் நம் குரல் குறைவாக ஒலிக்கிறது. ஆகவே கிராம சபை என்பது என்ன, அதன் வலிமை எது, எல்லை எது, அதில் பங்கு மக்களாகிய நமக்கும் திருச்சபை என்ற நிறுவனத்துக்கும் உரிய இடம் எது என்பதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

1. கிராம சபை என்பது என்ன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1992இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது இந்தத் திருத்தமே. இதைத் தொடர்ந்து 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றம் என்பது நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவரும் வார்டு உறுப்பினர்களும். சபை என்பதோ அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும். அதில் சேர யாரும் நம்மை நியமிக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிப் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து நாம் அதன் உறுப்பினர்கள்.

மன்றத்தின் பதவிக்காலம் 5 ஆண்டு. சபைக்குக் காலவரையறை இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்களே நிர்வாகத்தைக் கவனித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் சபை இருந்தது, ஏனெனில் வாக்காளர்கள் இருந்தார்கள்.

சட்டம் இந்தச் சபைக்குத் தந்துள்ள வேலைகள் சிறியவை அல்ல. ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளிப்பது, கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்பது, நடைபெறும் திட்டப் பணிகளின் நிலையை ஆய்வது ஆகியவை அதன் பொறுப்புகள். சுருக்கமாகச் சொன்னால், ஊர்ப் பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதற்கும், போன பணம் எங்கே போனது என்று கேட்பதற்கும் நமக்கு உரிமை உண்டு.

2. வெறும் கையொப்பம் போதுமா?

கூட்டம் செல்ல ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும். 500 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டத்துக்கு 7 நாள் முன்னரே அறிவிப்புத் தரப்பட வேண்டும்.

எண்ணிக்கை குறையும் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதிவேடு வீடு வீடாக வருகிறது. வேலை செய்யும் இடத்துக்கே வருகிறது. 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்றதும் போட்டுவிடுகிறோம். அந்தக் கையொப்பத்துக்கு மேலே என்ன தீர்மானம் எழுதப்பட்டது, எழுதப்படப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. நாம் போகாத கூட்டத்தில் நாம் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிறது. பிறகு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஏன் நம் தெருவில் இல்லை என்று கேட்டால், 'நீங்களே ஒப்புக்கொண்டீர்களே' என்ற பதில் வரும். அப்போது நம்மிடம் பதில் இருக்காது.

பொய்ச் சான்று சொல்லக் கூடாது என்று மறைக்கல்வியில் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நடைபெறாத ஒன்றை நடைபெற்றதாகக் கையொப்பமிடுவது எந்த வகையில் சேரும் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடம் கேட்க வேண்டும்.

3. அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

'நாம் தீர்மானம் போட்டு என்ன ஆகப் போகிறது?' என்று பலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு பார்ப்போம்.

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் உள்ள அரிட்டாபட்டி குன்றுகளும் சுனைகளும் கொண்ட ஊர். சமணப் படுகைகளும், தமிழ் பிராமிக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் அங்கே உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஆனால் 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வானது என்ற செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று அதற்குப் பெயர்.

அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நடைபெற வேண்டிய கிராம சபை, தீபாவளியை ஒட்டி நவம்பர் 23க்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் அப்பகுதி ஊராட்சிகள் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். பின்னர் ஊர்ப் பிரதிநிதிகள் தில்லி சென்று ஒன்றிய அமைச்சரைச் சந்தித்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கிராம சபைத் தீர்மானங்களுக்கு ஏலத்தைத் தாமாகவே ரத்து செய்யும் சட்ட வலிமை இல்லை. ஏலம் விட்டதும் ரத்து செய்ததும் ஒன்றிய அரசு. இடையில் மாநில அரசும் ஒன்றிய அரசும் ஒன்றையொன்று குறை கூறிக்கொண்டன. அப்படியானால் தீர்மானத்தால் என்ன பயன்? யாரோ சிலர் தூண்டிவிட்டார்கள் என்று எவரும் தள்ளிவிட முடியாதபடி, ஊர் முழுவதும் கூடிச் சட்டப்படி எடுத்த முடிவு இது என்பதற்கு அது எழுத்துச் சான்றாக நின்றது. பின்னர் நடந்த பேரணிக்கும் பேச்சுவார்த்தைக்கும் அதுவே அடித்தளம். நவம்பர் 23 அன்று மக்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தச் சான்று கிடைத்திருக்காது.

மற்றொரு நிகழ்வு ஒடிசாவைச் சேர்ந்தது. நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கும் திட்டம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்த மலையைத் தெய்வமாகப் போற்றும் டோங்ரியா கோந்து பழங்குடியினரின் சமய, பண்பாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆய்ந்து முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராம சபைகள் நீதிபதி ஒருவரின் முன்னிலையில் கூடின. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பின்புலமாக இருந்ததால், அங்கே கிராம சபையின் சொல்லுக்குக் கூடுதல் எடை இருந்தது.

ஆகவே எல்லா இடத்திலும் எல்லாத் தீர்மானமும் ஒரே வலிமை உடையது அல்ல. ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்ட குடிநீர், தெருவிளக்கு, வடிகால் போன்றவற்றில் தீர்மானம் நேரடியாக வேலை செய்கிறது. அதற்கு அப்பாற்பட்டவற்றில் அது மக்களின் சான்றாக நிற்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால் வீண் நம்பிக்கையும் வராது, வீண் சோர்வும் வராது.

4. யார் பேச முடிகிறது?

அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் பகுதியில்தான் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பின், அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வரும்போது, தம்மோடு இருந்தவர்களுடன் சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி அவ்வாறே ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் ஏற்காததால், 1996 முதல் பத்தாண்டு முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. 2006இல்தான் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் பதவியில் அமர முடிந்தது.

இவற்றை ஏன் நினைவுகூர்கிறோம்? சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் போதாது, மனிதர் மனமும் இடம் கொடுக்க வேண்டும். கிராம சபை ஒரே தரையில் அமரும் கூட்டம் என்று சொல்கிறோம். ஆனால் யார் நாற்காலியில் இருக்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள், யார் பேசும்போது சிரிப்பொலி எழுகிறது என்று கவனித்தால் ஊரின் உண்மை நிலை தெரிந்துவிடும். 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. ஆயினும் பெண் தலைவருக்காகக் கணவர் பேசும் ஊர்கள் இருக்கத்தான் செய்கின்றன.

ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் நாம், கிராம சபையில் சாதி வாரியாகப் பிரிந்து உட்கார்ந்தால் நம் நற்கருணைக்கு என்ன பொருள்? ஆலயத்தில் உடன்பிறப்பு, ஊர்க் கூட்டத்தில் அந்நியர் என்பது இரட்டை வாழ்க்கை அல்லவா?

5. விவிலியத்தில் இரு பொதுக் கூட்டங்கள்

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் ஐந்து புதல்வியரைச் சந்திக்கிறோம். தந்தை இறந்துவிட்டார், மகன் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு நிலம் இல்லை என்ற நிலை. அப்பெண்கள் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கவில்லை. சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில் மோசேயும் குருவும் தலைவர்களும் மக்கள் அனைவரும் கூடியிருந்த இடத்துக்கு வந்து தங்கள் வழக்கை எடுத்துரைத்தார்கள். அவர்கள் கேட்டது சரியே என்று ஆண்டவர் கூறினார். அவர்களுக்கு நிலம் கிடைத்தது மட்டுமல்ல, அவர்களைப் போன்ற எல்லாருக்கும் பொருந்தும் சட்டமும் பிறந்தது.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் முறையாகக் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. திருத்தூதர்கள் அதை வீண்பேச்சு என்று அடக்கவில்லை. சீடர் அனைவரையும் கூட்டினார்கள், பிரச்சினையை வெளிப்படையாக வைத்தார்கள், பொறுப்பாளர் எழுவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடமே விட்டார்கள். தேர்வானவர்களின் பெயர்கள் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள். யார் பாதிக்கப்பட்டார்களோ அவர்கள் பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று எண்ண இடமுண்டு.

பாதிக்கப்பட்டவர் பேச வேண்டும், பொறுப்பில் உள்ளவர் கேட்க வேண்டும், முடிவு அனைவர் முன்னிலையிலும் எடுக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் நம் மரபுக்குப் புதியவை அல்ல.

6. திருச்சபையின் இடம் எது?

'அப்படியானால் சாமியாரே முன்னின்று நடத்தட்டும்' என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நிதானம் தேவை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அரசு அதிகாரத்தில் பங்குபெறும் பொதுப் பதவிகளை ஏற்பதிலிருந்து குருக்களைத் தடுக்கிறது (285). அரசியல் கட்சிகளில் தீவிரமாகப் பங்கேற்பதையும் அது பொதுவாக விலக்குகிறது. அதே வேளையில், நீதியின் அடிப்படையிலான அமைதியை வளர்ப்பது குருக்களின் கடமை என்றும் கூறுகிறது (287). பொதுநிலையினருக்கு உலகக் காரியங்களில் எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள சுதந்திரம் உண்டு. ஆனால் கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள ஒன்றில் தம் சொந்தக் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று முன்வைக்கக் கூடாது என்று அது எச்சரிக்கிறது (227).

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, உலகக் கடமைகளை ஒதுக்கிவிட்டு விண்ணகத்தை மட்டும் நோக்குவது தவறு என்று உணர்த்துகிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005இல் எழுதிய தம் முதல் சுற்றுமடலில், திருச்சபை அரசின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றும், அதற்காக நீதிக்கான முயற்சியில் ஒதுங்கி நிற்கவும் கூடாது என்றும் விளக்குகிறார்.

இதை நம் ஊர் மொழியில் சொன்னால், பங்குத்தந்தை கூட்டத்தின் தலைவர் அல்ல. அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் அவரும் ஓர் உறுப்பினர், அவ்வளவே. முன்வரிசை நாற்காலி அவருக்குத் தேவையில்லை. இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் கூட்டம் நடைபெறும் நாளை அறிவிப்பதும், உண்மையைத் தேடக் கற்பிப்பதும், அஞ்சி நிற்பவருக்குத் துணை நிற்பதும் நம் வேலை. முன்னின்று பேச வேண்டியவர்கள் பொதுநிலையினரே.

இன்னொன்றும் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், ஆலயத்துக்குச் செல்லும் பாதை வேண்டும் என்றால் மட்டும் திரண்டு போவதும், அடுத்த தெருவின் குடிநீர் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து வந்துவிடுவதும் சாட்சிய வாழ்வு ஆகாது. நம்மவர் அல்லாதவரின் தாகத்துக்காகவும் நாம் பேசினால்தான், நம் தேவைக்காகப் பேசும்போது ஊர் நம்மை நம்பும்.

7. நடைமுறையில் என்ன செய்யலாம்?

பெல்ஜியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன், தாம் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் ஒரு எளிய வழிமுறையைக் கற்பித்தார். பார்த்தல், சிந்தித்துத் தீர்ப்பிடல், செயல்படல் என்பதே அது. திருத்தந்தை புனித 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடல் இதைப் பரிந்துரைத்தது. நம் அன்பியங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

பார்த்தல்: கூட்ட அறிவிப்பு வந்த வாரத்தில் அன்பியம் கூடும்போது, நம் தெருவின் தேவைகளை எண்ணிக்கையோடு எழுதுங்கள். 'தண்ணீர் வருவதில்லை' என்பதைவிட, 'எங்கள் தெருவில் இத்தனை வீடுகள், வாரத்தில் இத்தனை நாள் இவ்வளவு நேரம்தான் தண்ணீர்' என்பது வலுவானது. கேள்விப்பட்டதை உண்மை என்று எழுதாதீர்கள். தகவல் தேவையானால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதினால், 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

தீர்ப்பிடல்: பல தேவைகளில் எது முதலில் வர வேண்டும்? 'இது இல்லாவிட்டால் யார் மிகவும் துன்புறுவார்?' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் மோட்டார் உள்ளவரின் தேவையும், குடத்தோடு தெருக்குழாயில் நிற்பவரின் தேவையும் ஒன்றல்ல.

செயல்படல்: தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகப் போங்கள். பெண்களும் இளையோரும் பேசட்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, வாயாலும் சுருக்கமாகச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்ட பின்பே கையொப்பமிடுங்கள். எதிர்க்கருத்து உள்ளவரைப் பேச விடுங்கள், அவரும் நம் ஊரார்தான். கூட்டம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணாமல், அடுத்த கூட்டத்தில் 'சென்ற முறை எடுத்த தீர்மானம் என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து கேட்கும் ஊரில் பணிகள் தாமாகவே ஒழுங்குபடும்.

நகரப் பங்குகளில் இருப்போர் இது கிராமத்தாருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு வருகின்றன. உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்பானவர்களே, நேர்மையற்ற நடுவரிடம் விடாமல் சென்று முறையிட்ட கைம்பெண்ணை நம் ஆண்டவர் செபத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். அப்பெண் மனந்தளராமல் கேட்டது நீதியையே. செபிக்கும் விடாமுயற்சியும் நீதி கேட்கும் விடாமுயற்சியும் நம்மில் ஒன்றாய் வளரட்டும். அடுத்த கிராம சபைக்கான அறிவிப்பு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்போது, அதை முதலில் வாசிப்பவர்களாக நாம் இருப்போம்.